ஆள் வேண்டும், குடும்பம் வேண்டாமா?

மதுரையில் இப்போது எழும்புகிற பல அடுக்குமாடிகளில் சாரம் கட்டுவதும் கம்பி வளைப்பதும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கப் பையன்கள்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் ஓட்டல்களில் மேசை துடைப்பதும் அவர்களே. "வடக்கத்தியான் வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துட்டான்" என்று நம் ஆட்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். பீகாரில் 3. நாம் குறைத்துக்கொண்டதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வீட்டில் பிள்ளைகள் குறைந்தார்கள், இருந்த பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், பெண்கள் வேலைக்குப் போனார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான். நம் தலா வருமானம் பீகாருடையதைப் போலப் பல மடங்கு ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இன்ஜினியரிங் முடித்த கொத்தனார் மகன் கலவை சுமக்க வரமாட்டான். வரவும் கூடாது, அதற்காகத்தானே அந்த மனுஷன் அத்தனை வருடம் வெயிலில் நின்றார்! அவன் விட்ட இடத்தில்தான் பீகார் பையன் வந்து நிற்கிறான்.

கூலியை இறக்குகிறார்கள் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. சரி, இறக்குவது யார்? காண்ட்ராக்டர். வெளிமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரரைவிடக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று 1979-லேயே சட்டம் வந்தது. அந்தப் பையனுக்குச் சரியான கூலி கேட்டால் நம் ஆள் கூலியும் இறங்காமல் நிற்கும்.

இந்த ஊருக்கு வெளியாள் புதிதில்லை. குஜராத் பக்கமிருந்து புறப்பட்ட சௌராஷ்டிரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மகாலைச் சுற்றித் தறி போட்டார்கள். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சுங்குடி அவர்கள் கைவேலை. தங்க விட்டதால் ஊருக்கே ஒரு தொழில் கிடைத்தது. இலங்கையில் அப்படி நடக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய நம் ஆட்களுக்கு 1948-ல் குடியுரிமை மறுத்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அவர்களைக் கேட்கவே இல்லை. அதை அநியாயம் என்கிற நாம், இங்கே தகர ஷெட்டில் பத்துப் பேரை அடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் கிளம்பட்டும் என்கிறோம்.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் நான் கேட்டிருப்பது இதுதான். அவர்களின் ஊர் ரேஷன் கார்டுக்கு இங்கே அரிசி தட்டாமல் கிடைக்க வேண்டும். ஷெட்டில் இருக்கிற பிள்ளைகளை வரும் ஜூனில் மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், தமிழ் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு டீச்சரும் வேண்டும். உங்கள் வார்டிலும் கேளுங்கள்.