ஸ்வின்னி திடீரென்று முளைத்தவர் அல்ல

"டாபோ ஸ்வின்னி ரியல் எஸ்டேட் ஆள், அதிர்ஷ்டத்தில் கிளெம்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கிளெம்சன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம்; பேச்சு அதன் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி. அவர் எழுதியது பாதி உண்மை, அதனால்தான் தவறான எண்ணம் வருகிறது.

அலபாமா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, 1992-இல் தேசிய சாம்பியனான அணியில் ஆடியவர் அவர். அப்புறம் 1993 முதல் அங்கேயே பட்டதாரி உதவியாளர், அதாவது பயிற்சிக் குழுவின் அடிமட்ட வேலை. 1996 முதல் ரிசீவர்களுக்கும் (பந்தைப் பிடிப்பவர்கள்) டைட் எண்டுகளுக்கும் (பந்தைப் பிடிப்பதோடு எதிரணியைத் தடுக்கவும் செய்பவர்கள்) பயிற்சியாளர். 2000 சீசனில் அணி 3 வெற்றி, 8 தோல்வி; தலைமைப் பயிற்சியாளரின் பதவி போனது. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களுக்கும் பெரும்பாலும் வேலை போய்விடும், அந்தத் தொழிலின் கொடுமை அது. ஸ்வின்னிக்கும் போனது. கடை வளாகங்களுக்கு வாடகைதாரர் பிடிக்கும் வேலைக்குப் போனது அப்போதுதான்.

2003-இல் கிளெம்சனின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் டாமி பௌடன் அவரை உதவியாளராக அங்கே அழைத்தார். 2008 அக்டோபரில் பௌடன் விலக, ஸ்வின்னி இடைக்காலப் பொறுப்பேற்றார். முதல் வேலையாகத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை (அணியின் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் மூத்த உதவியாளர்) நீக்கினார். சீசன் முடிவில் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியை 31-14 என்று வென்றபின்தான் பதவி நிரந்தரமானது.

சரி, ஒருங்கிணைப்பாளராக இருக்காமலே அவர் மேலே போனது அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உதவியாளராக உழைத்த காலம் பதின்மூன்று சீசனுக்கு மேல்.