மூன்றில் இரண்டு பாக்கி

ரீச்சர் (தொலைபேசியில்): மூன்றில் ஒன்றைக் கொடுத்தாயிற்று, மிகுதி மூன்றில் இரண்டை எப்போது கொடுப்பது என்று யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், நாட்டு நிலைமை தெரியாதா என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்.

மோட்டர்காரர்: ரீச்சர், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள். தண்ணீர் மோட்டரைத் திருத்திய கூலி 6,000 ரூபா என்று நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் மூன்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டதாக ஊருக்கு அறிவிக்கிறீர்கள். அந்த ஒன்றைக்கூட நான் கண்ணால் காணவில்லை.

ரீச்சர்: அது என்னுடைய சம்பளக் கதை, தம்பி.

மோட்டர்காரர்: உங்கள் சம்பளத்தில் விழுந்த துண்டை என் கூலியில் வெட்டி ஒட்டப் பார்க்கிறீர்களா?

ரீச்சர்: உங்கள் காசில் ஒரு சதமும் குறையாது. ஆசிரியர்களின் 24 ஆண்டுகாலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 ஜூலை 12ஆம் திகதி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினோம். நூறு நாட்களுக்கு மேல் அப்படியே நின்றோம். அதன் பிறகு, எங்கள் சம்பளத்தை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வை மூன்றாகப் பிரித்து, முதற்பங்கை 2022 ஜனவரியிலிருந்து தரத் தொடங்கினார்கள். மற்ற இரண்டு பங்கும் வந்துகொண்டிருக்கின்றன என்றார்கள்.

மோட்டர்காரர்: வழியில் மான் மறித்திருக்கும், ரீச்சர். எனக்கும் இன்று அப்படித்தான் நடந்தது. திருகோணமலைக் கோட்டைப் பக்கம் ஒரு கூட்டம் மான் நடுவீதியில் படுத்திருந்ததால் கால்மணி நேரம் நின்றேன். அதற்கு 500 ரூபா சேர்த்திருக்கிறேன்.

ரீச்சர்: மானுக்கும் கூலியா?

மோட்டர்காரர்: மானுக்கு அல்ல, என் நேரத்துக்கு. வந்து பார்த்ததற்கு 1,500, கப்பாசிற்றருக்கு 1,500, வேலைக்கு 2,500, காத்திருந்ததற்கு 500. எல்லாவற்றையும் பிரித்துச் சொல்லிவிட்டேன்.

ரீச்சர்: நான் காலை ஐந்தரைக்கு உவர்மலையிலிருந்து இறங்கி, பேருந்தில் கிண்ணியாப் பாலம் கடந்து, மூதூருக்கும் அப்பால் போய் இறங்குகிறேன். அதற்கு வந்து பார்த்த கூலியும் இல்லை, காத்திருந்த கூலியும் இல்லை.

மோட்டர்காரர்: 2009க்கு முன்னர் அங்கே பாலமே இல்லை, மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்தார்கள். அதை நினைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். மேலும், கோபிக்க வேண்டாம், ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிற வேலை; தவணைக்குத் தவணை விடுமுறை; அதற்கும் மாதம் முழுவதற்குமான சம்பளம். இதைவிட என்ன வேண்டும்?

ரீச்சர்: என் மோட்டரைத் திருத்த உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?

மோட்டர்காரர்: இருபது நிமிடம். ஆனால் அந்த இருபது நிமிடத்துக்குப் பின்னால் பதினைந்து வருட அனுபவம் இருக்கிறது.

ரீச்சர்: என்னுடைய நாற்பது நிமிடப் பாடத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் திருத்துகிற விடைத்தாள்களும் இருக்கின்றன. அவற்றை அரை நாள் வேலையின் எந்த அரையில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

(மதிலுக்கு இப்பால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. இந்த "அரை நாள் வேலை" என்ற பேச்சைக் கலியாண வீட்டில் கேட்டிருக்கிறேன், செத்த வீட்டிலும் கேட்டிருக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை நாற்பது நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தவர் எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.)

மோட்டர்காரர்: வைத்தியர்களுக்கு மட்டும் கூட்டினார்களே?

ரீச்சர்: 2024 ஜனவரியில் அவர்களுடைய கொடுப்பனவு ஒன்றை 35,000 ரூபாவால் கூட்டினார்கள். நல்ல காரியம், இருக்கிற வைத்தியர்களாவது நாட்டை விட்டுப் போகாமல் இருக்கட்டும். இடையூறு, அழைத்தவுடன் வருதல், போக்குவரத்து ஆகிய மூன்றுக்குமாகச் சேர்த்து அதைக் கொடுக்கிறார்களாம். எனக்கு நாற்பத்திரண்டு இடையூறுகள் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை உட்கார்ந்திருக்கின்றன. போக்குவரத்தைப் பற்றி இப்போதுதான் சொன்னேன்.

மோட்டர்காரர்: அப்படியானால் கொழும்புக்குப் போய்க் கேட்க வேண்டியதுதானே?

ரீச்சர்: எங்கள் ஆட்கள் 2024 ஜூன் 26ஆம் திகதி போனார்கள். பாக்கியைக் கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மோட்டர்காரர்: வெயிலுக்குத் தண்ணீர் கொடுத்தது நல்ல மனந்தானே, ரீச்சர்.

ரீச்சர்: நீர்த்தாரை வண்டியால் கொடுத்தார்கள், கூடவே கண்ணீர்ப்புகையும் கொடுத்தார்கள். உங்களுக்குத் தொழில் முறையில் ஒன்று சொல்கிறேன்: அந்த வண்டியின் மோட்டரில் அழுத்தம் குறைந்ததாக இதுவரை முறைப்பாடு இல்லை.

மோட்டர்காரர்: அதன் பிறகாவது முழுதாகத் தந்தார்களா?

ரீச்சர்: 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியர் எல்லோருக்குமாக ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தினார்கள். ஆனால் அந்த உயர்வையும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்றாகத்தான் பிரித்தார்கள். நாங்கள் முதற்பங்கை வாங்கிய 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. வாங்கியது கைக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மோட்டர்காரர்: எதை எடுத்தாலும் மூன்றாகப் பிரிக்கிறார்களே, இவர்களுக்குப் பின்னக்கணக்கைப் படிப்பித்தவர் யார்?

ரீச்சர்: எங்களில் ஒருவர்தான் படிப்பித்திருப்பார். அவருக்கும் பாக்கி இருக்கும்.

மோட்டர்காரர்: இருந்தாலும் இது இலவசக் கல்வி அல்லவா, ரீச்சர்?

ரீச்சர்: 1945இல் வந்த இலவசக் கல்வி என்பது பிள்ளை காசு கட்டாமல் படிப்பது, ஆசிரியர் காசு வாங்காமல் படிப்பிப்பது என்று அதில் எங்கும் எழுதவில்லை. உங்கள் மகன் கணிதம் எங்கே படிக்கிறான்?

மோட்டர்காரர்: பாடசாலையில் படிக்கிறான், மாலையில் ரியூசனுக்கும் போகிறான். அங்கே ஒன்றாம் திகதி முழுக்காசையும் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

ரீச்சர்: பாடசாலையில் அவனுக்குக் கணிதம் படிப்பிப்பவர் யார்?

மோட்டர்காரர்: அதே மாஸ்டர்தான்.

ரீச்சர்: அதே மாஸ்டர், அதே பிள்ளை, அதே பின்னக்கணக்கு. காலையில் படிப்பித்தால் அரை நாள் வேலை; மாலையில் படிப்பித்தால் ஒன்றாம் திகதியே முழுக்காசு. அவர் மாலையில் மட்டும் தொண்டை கிழியக் கத்துகிறார் என்று பெற்றோர் குறை சொல்வதும் என் காதுக்கு வருகிறது. இந்தாருங்கள், 6,000 ரூபா. மானுக்கு உரியதும் இதில் இருக்கிறது.

மோட்டர்காரர்: சரியாக இருக்கிறது. ரீச்சர், ஒரு சின்ன உதவி. உங்களுக்குத்தான் இப்போது விடுமுறை ஆயிற்றே, மகன் பின்னக்கணக்கில் கொஞ்சம் பின்தங்குகிறான். சும்மா ஒரு பத்து நிமிடம் வீட்டுப் பக்கம் வந்து பார்க்க முடியுமா?

ரீச்சர்: வந்து பார்ப்பதற்கு 1,500.

மோட்டர்காரர்: என்ன ரீச்சர், என் வீடு அடுத்த ஒழுங்கையில்தானே இருக்கிறது!

ரீச்சர்: அந்த ஒழுங்கைக்கும் மான் வரும், தம்பி.