இருட்டு உணவகம் வேறு, கண்கட்டு விருந்து வேறு

கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டி, நாலு தட்டை முன்னால் வைத்து, அதை ‘இருட்டு விருந்து’ என்று விற்கிறார்கள். அதையும், முழு இருட்டான அறையில் பார்வையற்றவர்கள் பரிமாறும் இருட்டு உணவகத்தையும் ஒன்றாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. துணி கட்டிய விருந்தில் பரிமாறுபவருக்குக் கண் தெரியும், சாப்பிடுபவருக்கு மட்டும் தெரியாது. உண்மையான இருட்டு உணவகத்தில் நிலைமையே வேறு. அங்கே தடுமாறாமல் நடக்கத் தெரிந்தவர் பார்வையற்ற பரிமாறுபவர்தான். பார்வையுள்ளவர்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நாற்காலிக்குப் போகிறார்கள்.

1988-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கே தொடங்கிய, இருட்டறைகள் வழியே அழைத்துச் செல்லும் ‘இருளில் உரையாடல்’ கண்காட்சியிலும் வழிகாட்டிகள் பார்வையற்றவர்களே. 1999-ல் சூரிச்சில் திறந்த ‘ப்ளிண்டெகூ’ இந்த எண்ணத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. நிறுவியவர்களில் ஒருவரான யூர்க் ஸ்பீல்மன் பார்வையற்ற பாதிரியார். கண்ணைக் கட்டி ஆடும் பிள்ளை விளையாட்டின் பெயர்தான் உணவகத்தின் பெயர். பார்வையற்றவர்களுக்கு நிரந்தர வேலை என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே நோக்கம். பாரிஸில் 2004-ல் ‘தான் ல நுவார்’ என்ற இருட்டு உணவகம் வந்தது. பிறகு பல நாட்டு நகரங்களில் வந்தன, ஹைதராபாத் உட்பட.

இருட்டு என்றால் முழு இருட்டு. அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் கண் பழகக் கூடாது. ஒரு துளி வெளிச்சம் இருந்தால்கூட இருபது முப்பது நிமிடத்தில் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஃபோன், ஒளிரும் கைக்கடிகாரம், லைட்டர் எல்லாம் நுழையும் முன் லாக்கருக்குப் போகின்றன. சாப்பாட்டு அறைக்கு ஒரு கதவு போதாது. இரண்டு கதவோ, கனத்த இரண்டு திரையோ வேண்டும். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். ஏசியின் சிறு பச்சை விளக்கை மறைக்க மறந்தாலே அறை கெட்டுவிடும். சமையலறையில் வழக்கம்போல வெளிச்சம் உண்டு, கழிப்பறையிலும் உண்டு. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் பரிமாறுபவரைக் கூப்பிட வேண்டும், தானாக எழுந்து நடக்கக் கூடாது. சூடான தட்டோடு ஒருவர் எதிரே வரக்கூடும். பரிமாறுபவர்கள் நடக்கும்போதே குரல் கொடுப்பது இதற்காகத்தான். சில இடங்களில் மணி கட்டிக்கொள்வார்கள். இருட்டில் விருந்தினர் தம்மையறியாமல் கத்திப் பேசுவார்கள். சத்தம் ஏறினால் காதை நம்பி வேலை செய்பவருக்கு வழி மறைந்துபோகும். அந்த அறையில் பாட்டைச் சத்தமாகப் போடுகிற உரிமையாளருக்குத் தன் ஊழியரின் வேலை என்னவென்றே புரியவில்லை என்பேன்.

தட்டைக் கடிகாரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்: ஆறு மணியில் இறைச்சி, பத்தில் உருளைக்கிழங்கு, இரண்டில் காய். பார்வையற்றோருக்கான பயிற்சியில் சொல்லித்தரும் முறை இது. நம் வாழையிலையிலும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் இடது மேல் ஓரம், சோறு கீழ்ப்பாதி. பந்தியில் பழகிய கை இருட்டிலும் ஊறுகாயைத் தேடாது.

தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் தோற்கும் இடம். டம்ளரை இடது கையில் பிடித்து, ஆள்காட்டி விரலை விளிம்புக்கு மேல் மடக்கி, நுனியை ஒரு கணு அளவு உள்ளே விட வேண்டும். பாட்டிலின் வாயை விளிம்பில் பொருத்திவிட்டு மெல்லச் சாய்க்க வேண்டும். நீர் நிரம்ப நிரம்பச் சத்தத்தின் சுருதி ஏறும். விரல் நனைந்ததும் நிறுத்துங்கள். சூடான காபிக்கு இது ஆகாது. அதைப் பரிமாறுபவரிடம் விட்டுவிடுங்கள். குடித்ததும் டம்ளரை எடுத்த இடத்திலேயே வையுங்கள். ஒரு சாண் தள்ளி வைத்தால் அடுத்த முறை கை தட்டிக் கவிழும்.

சமையற்காரருக்கும் இது வேறு வேலை. எலும்பு, முள் கூடாது. பட்டாணி ஓடும், நீள நூடுல்ஸ் தாடையில் ஒட்டும், பெரிய கீரை இலை வாயில் அடங்காது. சூப்பை அகலக் கிண்ணத்தில் கொடுக்காமல் கைப்பிடிக் கோப்பையில் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒரு வாய் அளவுக்கு வெட்டியிருக்க வேண்டும். தட்டுக்கு விளிம்பு உயரமாக இருந்தால் உணவை அதில் தள்ளி முள்கரண்டியில் ஏற்றலாம். பாதிப்பேர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சாப்பிடுவார்கள், அதில் தவறே இல்லை.

‘கண் மூடினால் நாக்கு கூர்மையாகும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாக்கு மாறிவிடாது. கவனம்தான் அந்தப் பக்கம் திரும்புகிறது. எது என்ன என்று கண்டுபிடிப்பதில் இருட்டில் தவறுதான் கூடும், ஏனென்றால் சுவைக்குப் பெயர் வைப்பதில் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. 2001-ல் வெளியான, பிரான்ஸின் போர்தோவில் நடந்த ஆய்வு ஒன்றில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒயின் படிக்கும் மாணவர்களே அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள்.

கண்கட்டு விருந்தை நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணம் இனிமேல்தான். 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சற்று நேரம் கண்ணைக் கட்டிச் சில வேலைகளைச் செய்யவைத்த பிறகு, பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனித்து வாழவும் முடியும் என்பதை அதில் கலந்துகொண்டவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத் தடுமாற்றத்தைப் பார்வையின்மை என்று எடுத்துக்கொள்கிறோம். அது பயிற்சியின்மை. பயிற்சி உள்ளவர் நான்கு தட்டுகளை ஏந்தி ஒரு நாற்காலியையும் இடிக்காமல் நடப்பதை அதே அறையில் உணர்ந்தால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் புரியும்.

முன்பதிவு செய்யும்போதே ஒவ்வாமை, சைவம், எதைத் தொடவே மாட்டீர்கள் என்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். உள்ளே போன பிறகு தட்டைப் பார்த்து ஒதுக்க வழியில்லை. அவசரத்துக்கு விளக்கு போடும் ஸ்விட்ச் யார் கையில் என்று கேளுங்கள். பரிமாறுபவர்கள் பார்வையற்றவர்களா, மாதச் சம்பளத்தில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பணத்துக்கு வெளிச்சமான ஓட்டலில் நல்ல சாப்பாடு கிடைக்கும்.