உயர்விலைக் கைப்பேசிக்கு எத்தனை அங்குலத் திரை வேண்டும்?

ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கைப்பேசி வாங்குவது என்று முடிவு செய்த ஒருவர், மதுரை டவுன் ஹால் ரோட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், அவர் முன் முதலில் எடுத்து வைக்கப்படுவது இருப்பதிலேயே பெரிய திரை கொண்ட மாடல்தான். விலை ஏறினால் திரையும் ஏற வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகவே ஆகிவிட்டது. இந்த விதியை நான் ஏற்கவில்லை. ஒரு நிறுவனத்தின் மிகச் சிறந்த கேமரா ஒரு கைக்குள் அடங்கும் அளவிலும் கிடைக்க வேண்டும். பெரிய திரை என்பது வேண்டுகிறவர் கேட்டு வாங்கும் வசதியாக இருக்கலாம். நல்ல கேமராவுக்காக எல்லோரும் சுமந்தே தீர வேண்டிய பாரமாக இருக்கக் கூடாது.

முதலில் அளவைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 6.3 என்றும் 6.9 என்றும் விளம்பரத்தில் போடுவது திரையின் மூலைக்கு மூலை நீளம். அது கையில் பிடிக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. 2014இல் வந்த ஐபோன் 6 பிளஸின் திரை 5.5 அங்குலம், உடலின் அகலம் 77.8 மில்லிமீட்டர். பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஐபோன் 16 புரோ மேக்ஸின் திரை 6.9 அங்குலம், அகலம் 77.6 மில்லிமீட்டர். திரையைச் சுற்றியிருந்த பட்டைகளும் கீழே இருந்த பொத்தானும் போய், திரை மேலும் கீழும் நீண்டிருக்கிறதே தவிர, அகலம் நூலளவும் கூடவில்லை. ஆனால் எடை 172 கிராமிலிருந்து 227 கிராமுக்கு வந்துவிட்டது. ஆகவே கடையில் அங்குலம் கேட்பதோடு நிறுத்தாமல், அகலம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்று கேட்பவரே சரியாகக் கேட்கிறார் என்பேன். சாம்சங் எஸ்25 அல்ட்ராவின் அகலம் 77.6 மில்லிமீட்டர், எடை 218 கிராம். அதே வரிசையின் சாதாரண எஸ்25 70.5 மில்லிமீட்டர், 162 கிராம். இந்த ஏழு மில்லிமீட்டர் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். கட்டைவிரலுக்கு அது அற்பம் அல்ல.

திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையத்துக்குக் காலையில் வரும் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். ஒரு கை மேல்கம்பியைப் பிடித்திருக்கும். அலுவலகத்திலிருந்து வந்த செய்திக்குப் பதில் எழுதுவதும் பணம் அனுப்புவதும் மறு கையால் மட்டுமே நடக்க வேண்டும். திரையின் எதிர்ப்பக்க மேல்மூலையில் இருக்கும் அம்புக்குறியைத் தொட வேண்டுமென்றால், பிடியைத் தளர்த்தி, போனை உள்ளங்கையில் சற்று மேலே தள்ள வேண்டியிருக்கிறது. பள்ளத்தில் பேருந்து இறங்கும்போது கை நழுவுவது அந்த நொடியில்தான். காய்கறிப் பையோடு கடை வாசலில் நின்று ஸ்கேன் செய்கிறவருக்கும், இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கும் இதே சிக்கல்தான். பெண்களின் கை பொதுவாக ஆண்களின் கையைவிடச் சிறியது என்று தெரிந்திருந்தும், உயர்விலை மாடல்கள் யாருடைய கையை அளவெடுத்துச் செய்யப்படுகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. ஆப்பிள் பெரிய திரைக்கு மாறிய அதே 2014இல், திரையின் மேற்பகுதியைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே இறக்கும் வசதியையும் சேர்த்தது. கைக்கு எட்டாத திரையைத் தருகிறோம் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய திரையின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை, குறிப்பாகத் தமிழில் படிக்கிறவர்களுக்கு. நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல் பாதி வரியை அடைத்துவிடும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால், சிறிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொற்கள்தான் நிற்கும். 6.3 அங்குலத் திரையைவிட 6.9 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். திண்ணையில் உட்கார்ந்து செய்தி படிக்கும் என் அப்பாவுக்கு அது உண்மையாகவே உதவுகிறது. ஆனால் அவருக்கு வேண்டியது திரை மட்டும்தான்; அந்தத் தேவையைப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் போன்களே நன்றாக நிறைவேற்றுகின்றன, அந்த விலையில் வருபவை அநேகமாக எல்லாமே பெரியவைதாம். பெரிய திரை தேவைப்படுகிறவருக்கு எல்லா விலையிலும் வழி இருக்கிறது. அடக்கமான போன் வேண்டுகிறவர்தான், பல நிறுவனங்களில் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ஒரு படி கீழான கேமராவை ஏற்றுக்கொள்ளும்படி தள்ளப்படுகிறார்.

கேமரா விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையிலோ பாலத்திலோ நிற்கிற ஒருவர் தங்கக் குதிரைக்கு அருகில் போய்விட முடியாது. தூரத்திலிருந்து, தலைகளுக்கு மேலாக, ஒரு கையை உயர்த்தித்தான் படம் எடுக்க வேண்டும். தொலைவை அருகில் கொண்டுவரும் லென்ஸும் ஒரு கையில் நிற்கும் எடையும் ஒருசேர வேண்டிய இடம் அது. சாம்சங்கின் 2025 வரிசையில் ஐந்து மடங்கு ஜூம் லென்ஸ் வேண்டுமென்றால், ரூ.1,29,999 விலையில் வந்த எஸ்25 அல்ட்ராவைத்தான் வாங்க வேண்டியிருந்தது; எஸ்25இல் மூன்று மடங்கோடு சரி. ஆப்பிளும் 2023இல் ஐந்து மடங்கு லென்ஸைப் பெரிய 15 புரோ மேக்ஸுக்கு மட்டுமே கொடுத்தது. மறு ஆண்டே 6.3 அங்குல 16 புரோவிலும் அதையே வைத்தது. கூகுளும் 2024இல் பிக்சல் 9 புரோவை 6.3, 6.8 என இரண்டு அளவுகளில், ஒரே கேமராக்களோடு கொண்டுவந்தது. சிறிய உடலில் இந்த லென்ஸுக்கு இடமில்லை என்ற வாதம் அத்தோடு முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

சிறிய போன் விற்காது, ஐபோன் மினியைப் பாருங்கள் என்று ஒரு பதில் எப்போதும் வரும். 2020இல் 12 மினியும் 2021இல் 13 மினியும் வந்தன. 2022இல் புதிய மினியை வெளியிடாமல் அந்த இடத்தில் 6.7 அங்குல பிளஸைக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த மினிகள் 5.4 அங்குலம், அந்த உடலுக்குள் வைக்க முடிந்த பேட்டரி மிகச் சிறியது. நாள் முழுக்க வெளியில் இருப்பவர் அதை ஒதுக்கியதில் வியப்பில்லை. அந்தத் தோல்வியைக் காட்டி 6.1, 6.3 அங்குலத்தையும் சேர்த்து மறுப்பது சரியான கணக்கு அல்ல. இன்று பேட்டரியின் நிலைமையே வேறு. சிலிக்கான் கார்பன் வகை பேட்டரிகள் அதே இடத்துக்குள் அதிக மின்சாரத்தைச் சேமிக்கின்றன. 2025இல் இந்தியாவுக்கு வந்த ஒன்பிளஸ் 13எஸ் 6.32 அங்குலம், பேட்டரி 5,850 எம்ஏஎச். விவோ எக்ஸ்200 எஃப்இ 6.31 அங்குலம், 6,500 எம்ஏஎச். 6.9 அங்குல எஸ்25 அல்ட்ராவில் இருப்பதோ 5,000தான். ஆனால் 13எஸ்ஸில், அகன்ற காட்சியை ஒரே படத்தில் அடக்கும் அதி அகலக்கோண லென்ஸே இல்லை. முழுமையான கேமராக்களோடு விவோ செய்த எக்ஸ்200 புரோ மினி சீனாவில் மட்டும் விற்றது. அது நம் ஊருக்கு வந்திருந்தால் வாங்கியிருப்பவர்களில் நானும் ஒருவன்.

மடக்கு போன்களைத் தீர்வாகச் சொல்கிறவர்கள் உண்டு. சாம்சங்கின் இசட் ஃபோல்ட் 7 விரித்தால் 8 அங்குலம், எடை 215 கிராம், நல்ல பொறியியல்தான். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து அதைப் பேருந்தில் எடுத்துச் செல்ல எத்தனை பேரால் முடியும் என்பது வேறு கேள்வி.

என் கணக்கில் முதன்மை மாடல் ஒன்று 6.1 முதல் 6.3 அங்குலத்துக்குள், 72 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டாமல், 190 கிராமுக்குள், குறையாத கேமராக்களோடு வர வேண்டும். அதையே பெரிய அளவிலும் தாராளமாக விற்கட்டும். இப்போதைக்கு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காட்சிக்கு வைத்திருக்கும் போனைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் உறை இருக்காது, டெம்பர்டு கிளாஸ் இருக்காது. வீட்டில் பயன்படுத்தப்போகிற அதே தடிமனான பேக் கவரைப் போட்டுத் தரச் சொல்லி, நின்றுகொண்டு, ஒரே கையால் தமிழில் நான்கு வரி தட்டச்சு செய்து பார்த்துவிட்டுப் பிறகு பணத்தைக் கொடுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.