அஞ்சு இன்ச்தானே தம்பி!

எங்கள் மீன்பிடி ஃபைபர் போட்டில் (படகில்) எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை ஐந்து இன்ச் அறுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். போனில் சொல்கிறார் அந்த எஞ்சின் வியாபாரி. நடுநடுவே டீ உறிஞ்சுகிற சத்தம் வேறு. நான் இங்கே வெயிலில் மரப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, கையில் டேப்போடு நிற்கிறேன்.

எந்தப் பின்பலகை? கிரைண்டரால் அறுத்து, உள்ளே இருந்த அழுகலைத் தோண்டி எடுத்து, புதுப் பிளைவுட் வைத்து, கண்ணாடி இழைப் பாயும் ரெசின் பசையுமாக அடுக்கடுக்காகப் போட்டு, தேய்த்து, மேல்பூச்சாக ஜெல் கோட் அடித்து, இப்போதுதான் அப்பாடா என்று உட்கார்ந்தோமே, அந்தப் பின்பலகை. கண்ணாடித் தூள் இன்னும் என் முழங்கை மடிப்பில் அரிக்கிறது. அதை அறுக்க வேண்டுமாம்.

நான் தெளிவாகக் கேட்டுத்தான் வாங்கினேன். 9.9 குதிரைத்திறன், லாங் ஷாஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இறங்குகிற கால் நீளமானது. வாய் வலிக்கச் சொன்னேன். சொன்னது போதாதென்று பின்பலகை மேல் டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். மேல் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் 20 இன்ச், எண் பளிச்சென்று தெரிகிற மாதிரி. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் போட்ட கட்டைவிரல் என்று இப்போதுதானே தெரிகிறது.

லாரி பார்சலில் வந்த பெட்டியைப் பிரித்தால் குட்டைக் காலோடு ஒரு எஞ்சின். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் மனசு கேட்குமா? பலகையில் உட்காருகிற கொக்கியின் உள்பக்கத்திலிருந்து, புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டு வரைக்கும் அளந்தேன். 15. திருப்பி அளந்தேன். அப்பாவைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். வலையைக் கீழே போட்டுவிட்டு மாமா எழுந்து வந்தார், தன் சாணால் ஒரு தடவை அளந்தார், “சின்னதா இருக்கே” என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சரி என்று போன் போட்டேன். நடந்ததை அப்படியே போடுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“அண்ணே, லாங் ஷாஃப்ட் கேட்டேன். ஷார்ட் வந்திருக்கு.”

“எது தம்பி?”

“எஞ்சின்.”

“எந்த எஞ்சின்?”

பணம் முழுசாக ஏறிய அன்றைக்கு “உங்க வண்டி கிளம்பிடுச்சு தம்பி, சந்தோஷம்” என்று தேன் ஒழுகப் பேசிய அதே வாய்.

“9.9 அண்ணே. கடலூருக்கு அனுப்பினீங்களே.”

“ஆங், அதுவா! நல்ல பீஸ் தம்பி அது. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

“எங்கண்ணே ஸ்டார்ட் பண்றது? கால் தண்ணிக்கே எட்டாது.”

“எவ்வளவு கம்மி?”

“அஞ்சு இன்ச்.”

“அஞ்சு இன்ச்தானே தம்பி! அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஐந்து இன்ச்தான். கடலில் அது வேறு கணக்கு. அந்தத் தட்டு போட்டின் அடிமட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். ஐந்து இன்ச் மேலே நின்றால் புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடிக்காது, காற்றையும் நுரையையும் கடையும். எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறும், போட்டு நகராது. அதுகூடப் பரவாயில்லை. எஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீரே அந்தக் கால் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. கால் வெளியே நின்றால் தண்ணீர் ஏறாது. உள்ளே இருக்கிற சின்ன ரப்பர் இம்பெல்லர் காய்ந்துபோய்ச் சுற்றிக் கருகும். பின்னால் ஒரு நூலாகத் துப்புமே தண்ணீர், அது நின்றுவிடும். அப்புறம் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எங்கே பிடிக்கும்? கரையோரம் கழுத்தளவுத் தண்ணீரிலா பிடிக்கும்? கரை மறைந்த பிறகுதான் பிடிக்கும். அது எப்போதும் அப்படித்தான்.

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: “அப்ப ரெண்டு பேரைப் பின்னாடியே உக்கார வைங்க தம்பி. பின்பக்கம் தாழும்ல?”

ரெண்டு பேரை! அவர்கள் வலை இழுக்க மாட்டார்கள், மீன் கழிக்க மாட்டார்கள். கடையாலில் கனமாக உட்கார்ந்து வருவது மட்டும்தான் வேலை. அவர்களுக்கும் பங்கு உண்டா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு!

“அப்ப பலகையை அறுத்துடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

யார் அந்த எல்லாரும்? அவர்களை நான் பார்க்க வேண்டும், உயிரோடு இருந்தால். எங்கள் பக்கம் துறைமுகத்துக்குள் சொகுசாக நுழைகிறவர்கள் இல்லை, அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் கரைக்கு வருகிறோம். வரும்போது அலை பின்னாலிருந்து வரும். அது முதலில் முட்டுவது பின்பலகையில். அதை ஐந்து இன்ச் அறுப்பது என்றால், அலைக்கு வாசல் வைத்து உள்ளே வா என்று கூப்பிடுவது.

சரி, எஞ்சினைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“பெட்டியப் பிரிச்சிட்டீங்களே தம்பி.”

“பிரிக்காம எப்படிண்ணே அளக்கறது?”

“அது சரிதான். ஆனா பிரிச்ச பீஸை ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க.”

மாட்டாங்களாம். யார்? முதலாளி அவர், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அவர், பணம் போனது அவர் கணக்குக்கு. ஆனால் மாட்டேன் என்று சொல்ல மட்டும் அந்தக் கடைக்குள் கண்ணுக்குத் தெரியாத வேறு நாலு பேர் இருக்கிறார்கள். காலை நீளமாக்க ஒரு கிட் வருமாம், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம், “பணத்தை மட்டும் முன்னாடி போட்டு விட்டுடுங்க தம்பி.” அவர் செய்த தப்புக்கு நான் பணம் போட வேண்டும். முன்கூட்டியே.

ஆனால் ஒன்று. பலகையை அறு என்று அவர் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்ததற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பலகை எனக்குக் காட்டிய வேடிக்கை அப்படி.

இது சுனாமி போட்டு. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் எங்கள் கரைகளில் நிவாரணமாக வந்து குவிந்தவற்றில் ஒன்று. குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்பார்கள், சொல்லட்டும். 1980களில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் வங்காள விரிகுடாத் திட்டத்துக்காரர்கள் சென்னையில் உட்கார்ந்து, அலை தாண்டிக் கரையேறும் படகு எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடம் போட்டு, செய்து, கடலில் விட்டுப் பார்த்து, மறுபடி மாற்றி மெனக்கெட்டிருக்கிறார்கள். 2005-ல் அதற்கெல்லாம் ஏது நேரம்? ஒரு அச்சும் ஒரு கொட்டகையும் இருந்தவரெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டு கட்டுகிறவர் ஆனார். வெளியே பளபளவென்று நீலம், பக்கவாட்டில் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தெம்பு இல்லை.

இருபது வருஷம் கழித்து நான் பார்த்தேன். இத்தனை காலம் லாங் டெயில் டீசல் எஞ்சினின், வால் மாதிரி நீளத் தண்டு வைத்த பழைய எஞ்சினின், உதறலைத் தாங்கிய பலகை அது. போல்ட் ஓட்டைகள் தளர்ந்து, தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் ஓரத்தில் டங் டங் என்கிறது, நடுவில் பொத் என்கிறது. சின்ன டிரில் பிட்டை இறக்கினேன். மரத்தூள் வர வேண்டிய இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. மேல்தோலை அறுத்து எடுத்தால் உள்ளே புட்டு. கையால் அள்ளலாம். அதுவும் பிளைகூட இல்லை, பார்சல் பெட்டிப் பலகை! அழுகாமல் தப்பித்த ஒரு துண்டில் கறுப்பு மையில் அம்புக்குறி அப்படியே இருந்தது, இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்குப் போடுவார்களே, அது. அம்பு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. சாமானை வைத்த ஆள் அதைக்கூடப் பார்க்கவில்லை. அதை நம்பித்தான் எங்கள் அப்பா இத்தனை வருஷமாக ஆழத்துக்குப் போய் வந்திருக்கிறார்.

இனிமேலாவது நல்ல சரக்கு போடுவோம் என்று பிளைவுட் கடைக்குப் போனால் அங்கே அடுத்த கூத்து. “710 சார், மரைன், முத்திரையைப் பாருங்க.” பார்த்தேன், ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர எண் அழகாக அச்சடித்திருந்தது. வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் இந்த முத்திரை பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். 710 என்றால் அந்தப் பிளை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது என்பது கணக்கு. வாங்கியதில் ஒரு துண்டை வெட்டி அம்மாவின் இட்லிப் பானையில் போட்டு அடுப்பில் வைத்தேன். 72 மணி நேரமா? சீரியல் தொடங்குவதற்கு முன்னாலேயே பக்கம் பக்கமாகப் பிரிந்துவிட்டது. பானையில் பசை ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. சிலிண்டருக்கும் பானைக்கும் சேர்த்து அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு. கடைக்காரரிடம் துண்டைக் காட்டினால், “இதை ஏன் சார் வேக வெச்சீங்க?” என்கிறார். கடலில் போடத்தானய்யா கேட்டேன்!

ரெசினும் அப்படித்தான். தண்ணீரில் கிடக்கிற சாமானுக்கு ஐசோ ரெசின் வேண்டும், சாதா ஜி.பி. ரெசின் போட்டால் நாளடைவில் தண்ணீரை உறிஞ்சிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஆனால் கடைக்காரர் கேனில் ஊற்றித் தருகிறபோது எது ஐசோ, எது ஜி.பி. என்று எந்தக் கடவுள் வந்து சொல்வார்? ஒரே பாகு, ஒரே நாற்றம், விலை மட்டும் வேறு. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட் பாட்டிலையும் ஹார்ட்னர் பாட்டிலையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார் அந்த மகராசன். இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஃபைபர் மேஸ்திரி கதையைச் சொன்னால் பொழுது விடிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுக்குத்தான், எங்கள் போட்டுக்குக் கிடையாது. ஆனால் விசைப்படகெல்லாம் கரையேறிப் பழுது பார்க்கிற நேரம் அதுதான் என்பதால் ஊரில் உள்ள அத்தனை மேஸ்திரியும் துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். கூப்பிட்டால் “நாளைக்கு வந்துடறேன் தம்பி”. ஒருவழியாக வந்தவர் மே மாத மத்தியான வெயிலில் ஒரு வாளி நிறைய ரெசினுக்கு மொத்தமாக ஹார்ட்னரைக் கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் வாளி பொங்கிப் புகைந்து, பிரஷ்ஷும் சேர்ந்து கல்லாகிவிட்டது. “வெயில் ஜாஸ்தி தம்பி” என்றார். வெயில் மேல் தப்பு!

இத்தனைக்கும் நடுவில் பனைமர நிழலில் ஒரு கூட்டம். வேலை செய்யாதவர்களுக்குத்தான் எத்தனை யோசனை! “இதுக்குக் கொட்டற காசுக்குப் புதுசே எடுத்துடலாமே மாப்ளே.” எடுக்கலாம். புதுப் போட்டு லட்சக்கணக்கில் என்று சொல்கிறவர்களுக்கும் தெரியும். அந்தப் புதுப் போட்டின் பின்பலகைக்குள் எந்தப் பெட்டியின் எந்த அம்பு இருக்கிறது என்று யார் எனக்குச் சொல்வார்கள்? இதையாவது நானே பிரித்து, நானே பார்த்து, நானே மூடினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே போட்டு இந்தக் கரையில் இதுதான்.

அதை அறுத்துடுங்க என்கிறார் அவர், டீயோடு.

கடைசியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். சரி, இன்னொரு தடவை பேசிப் பார்ப்போம், கிட்டுக்காவது பாதிக் காசை அவர் தலையில் கட்டுவோம் என்று போனை எடுத்தேன். அழைப்பு போகவில்லை. “உங்கள் திட்டத்தின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டது” என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்கிறது. இப்போதுதானே போட்டேன்! எண்ணிப் பார்த்தால் 28 நாள். யாரைக் கேட்டு ஒரு மாதத்துக்கு 28 நாள் என்று முடிவு செய்தார்கள்? 12 மாதத்துக்கு 13 ரீசார்ஜ் போட வைக்கிற சாமர்த்தியம் இது. 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டதே, அதை எந்த மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். வருஷம் முழுக்கப் பிப்ரவரியை வைத்தே பிழைப்பு நடத்துகிறார்கள், கேட்க நாதியில்லை!