வெயிட்டைக் குறைங்க ப்ரோ

"வெயிட்டைக் குறைங்க ப்ரோ."

போட்டோ அனுப்பியதற்கு இவ்வளவுதான் பதில். 82 கிலோ ஆளின் தலையில் 26.4 லிட்டர் சர்ஃப் போர்டை, அதாவது அலைச்சறுக்குப் பலகையைக் கட்டி, 18,000 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்ட மகான், நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிய வைத்தியக் குறிப்பு. கூடவே ஒரு கும்பிடு பொம்மை வேறு.

ஒன்பதடி லாங்போர்டை விட்டு ஷார்ட்போர்டுக்கு மாற நினைத்த ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு மகான் வாய்த்திருப்பார். என்னுடையவரைப் பார்க்க நான் விடியற்காலை கிளம்பி, காஞ்சிபுரத்தில் ஒரு பஸ், செங்கல்பட்டில் ஒரு பஸ் என்று மாறி மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன். வேலூர்க்காரனுக்குக் கடல் என்ன பக்கத்துத் தெருவா? தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஊருக்கு ஏற்கெனவே பெயர். இப்போது கடலில்லா சர்ஃபர் என்று என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் நண்பர்கள். "கோட்டை அகழியில பழகு மச்சான்" என்று ஒருத்தன் வாராவாரம் சொல்கிறான். வாராவாரம் அவனே சிரித்துக்கொள்கிறான்.

சரி, மகானுக்கு வருவோம். எனக்கு வேண்டியதைத் தெளிவாகத்தான் சொன்னேன். இரண்டு வருடம் ஒன்பதடியில் ஓட்டியாச்சு. அடுத்து ஆறடி நாலு, ஆறடி ஆறு அங்குலம் அந்த மாதிரி. மூக்கு கொஞ்சம் அகலம், ராக்கர், அதாவது முன்பின் வளைவு, கம்மி. ஆளை மிதக்கவைக்கிற கொள்ளளவு 40 லிட்டருக்குக் கீழே வேண்டாம். கொழுத்த ஃபிஷ் இருந்தாலும் சரி, ஹைப்ரிட் இருந்தாலும் சரி, இரண்டுமே ஆளைத் தாங்குகிற போர்டு வகை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டார்கள்.

அவர் என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். "ஆறடியைத் தாண்டினா அது ஷார்ட்போர்டே இல்ல ப்ரோ" என்று உள்ளே போய் ஐந்தடி பத்து அங்குலத்தில் ஒன்றை எடுத்து வந்தார். கத்தி மாதிரி மெலிசு. முன்னும் பின்னும் வாழைப்பழம் போல வளைவு. செங்குத்தாக எழுந்து வரும் அலைக்கு அந்த வளைவு வேண்டும்தான். நம் கரையில் முக்கால்வாசி நாள் வருகிற சோம்பேறி அலையில் அது துடுப்புப் போடும் கையைத்தான் ஒடிக்கும்.

"எத்தனை லிட்டர்?" என்றேன்.

"டெய்லைப் பாருங்க ப்ரோ, ஸ்குவாஷ் டெய்ல்" என்றார்.

பார்த்தேன். சதுரமாக வெட்டி மூலையை மழுக்கிய வால். நல்ல டெய்ல்தான். எத்தனை லிட்டர்?

அடுத்து ஃபின், அதாவது வால் பக்கம் அடியில் நிற்கிற செதில். மூன்று ஃபின் வரலாறு ஆரம்பித்தது. 1981இல் ஆஸ்திரேலிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போர்டோடு போய் அந்த ஊர் பெல்ஸ் பீச் போட்டியில் ஜெயித்த கதை. எங்கள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்ததும் அதே வருடம்தான், அதற்காக நான் யாருக்கும் போர்டு விற்றதில்லை. எத்தனை லிட்டர்?

"கெல்லி ஸ்லேட்டர் இதைவிடச் சின்னதுல ஓட்டுறாரு ப்ரோ." ஓட்டட்டும். பதினோரு தடவை உலகச் சாம்பியன், அவர் கதவை உடைத்துக் கொடுத்தாலும் ஓட்டுவார். நான் வேலூரில் பிரியாணி சாப்பிட்டு வளர்ந்தவன். எத்தனை லிட்டர்?

டீ வந்தது. குடித்தேன். 2025 ஆகஸ்டில் இங்கே ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்ததும் இந்திய சர்ஃபர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதும் வந்தன. அவர் வாங்கியதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பதக்கத்திலிருந்து இந்தக் கரையில் எல்லோருமே பயிற்சியாளர். எத்தனை லிட்டர் ஐயா?

"அதெல்லாம் கணக்குப் பார்த்து சர்ஃப் பண்ண முடியாது. ஃபீல் பண்ணணும்."

பாலுக்கு லிட்டர் கேட்கிறோம். பெட்ரோலுக்குக் கேட்கிறோம். தண்ணீர் கேன் போடுகிற தம்பிகூட 20 லிட்டர் என்று சொல்லித்தான் இறக்குகிறான். என்னைச் சுமக்கப் போகிற சாமானுக்கு மட்டும் ஃபீல் பண்ண வேண்டுமாம். அளவெல்லாம் வழக்கமாக அடிப்பக்கத்தில், போர்டின் நடுவே நீளமாக ஓடும் மரக்கட்டை ஓரமாகப் பென்சிலில் எழுதியிருக்கும். சரியாக அந்த இடத்தில் ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கர். வழுக்கையை மறைக்கச் சீவிய முடி மாதிரி.

அப்புறம் ஏன் வாங்கினாய் என்று கேட்காதீர்கள். அது அக்குளில் அடங்கியது. அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒன்பதடியைத் தலையில் சுமந்தவனுக்கு, அக்குளில் இடுக்கி ஸ்டைலாக நடக்க ஒரு சாமான் கிடைத்தால் புத்தி எங்கே நிற்கும்? "உப்புத்தண்ணி பட்டா ரிட்டர்ன் இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் நேர்மையான மனிதர்.

கடலில் அதன்மேல் உட்கார்ந்தேன். தண்ணீர் மார்பு வரை வந்தது. படுத்துத் துடுப்புப் போட்டால் அலை எனக்குக் கீழே நுழைந்து, எனக்கு முன்னாலேயே கரைக்குப் போய்ச் சேர்ந்தது. லாங்போர்டு என்றால் அலை எழும்பும்போதே அதுவாக நழுவி ஓட ஆரம்பிக்கும். இது கடைசி நொடி வரை அசையவில்லை, அப்புறம் மூக்கைத் தரையில் குத்தியது. பதினோரு அலை. ஒன்றில்கூட எழுந்து நிற்கவில்லை. பக்கத்தில் பாதி உடைந்த பழைய போர்டில் மூன்றாவது அலையை முடித்துவிட்டு வந்த மீனவர் வீட்டுப் பையன், பத்து வயது இருக்கும், என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அண்ணா, உங்க போர்டு எங்க?"

திரும்பி வரும்போது செங்கல்பட்டில் கண்டக்டர், "இன்னா சார் இது, இஸ்திரிப் பலகையா?" என்று லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தெம்பில் விளக்குவது?

வீட்டில் மண்டையோட்டை உரித்தேன். 26.4. போட்டோ எடுத்து அனுப்பினேன். வெயிட்டைக் குறைங்க ப்ரோ.

இந்தக் கோபத்தோடு இன்று காலை மாடிக்குப் போனால், அங்கே அடுத்த அநியாயம். புதுசு வரப்போகிற திமிரில் என் ஒன்பதடியைப் போன மாதமே சின்ன யானையில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். நிழலில் வைக்கச் சொன்ன போர்டு கத்திரி வெயிலில் கிடக்கிறது. மெழுகு தடவிய பக்கம் கீழே, வழவழப்பான அடிப்பக்கம் மேலே. அதன்மேல் அப்பாவின் பழைய வேட்டி. வேட்டி முழுக்க வரிசை வரிசையாகக் கூழ் வடகம். வால் பக்கம் நிமிர்ந்து நிற்கிற ஃபின்னில் காக்காய் வராமல் இருக்கக் கறுப்புத் துணி.

"அம்மா! வெயில்ல ஃபோம் உப்பிப் போயிடும்மா! இது எவ்ளோ விலை தெரியுமா?"

அம்மா திரும்பவே இல்லை. கடைசி வடகத்தைப் பிழிந்து முடித்தார்.

"நேத்து ஒண்ணு சின்னதா கொண்டாந்தியே, அது எவ்ளோ பிடிக்கும்?"

முதல் தடவையாக ஒருவர் கொள்ளளவைப் பற்றிப் பேசுகிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "இருபத்தாறு புள்ளி நாலும்மா" என்றேன்.

"மோர் மிளகாய்க்கு ஆவும். எடுத்தா."