ஹோர்ன் அடித்தால் எல்லாம் முடிந்ததா?

செவ்வாய்க்கிழமை காலை ஏ-9இல், அதாவது கண்டி-யாழ்ப்பாணம் வீதியில், சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பிள்ளையை பஸ் அடித்தது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்த நெளிந்த சைக்கிளின் படத்தைத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாள், வலது கை முறிவு. அன்றே இதை எழுத நினைக்கவில்லை. ஆனால் பஸ்ஸை ஓட்டியவர் இறங்கி வந்து சொன்ன அந்த வசனத்தையும், படத்துக்குக் கீழே "அவர் சொல்றதும் சரிதானே, பிள்ளையள் பாத்துப் போகவேணும்" என்று நீங்கள் எழுதியதையும் வாசித்த பிறகு பொறுக்க முடியவில்லை.

"நான் ஹோர்ன் அடிச்சனான்தானே." அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் நின்றேன். ஒரு பஸ் ஆள் ஏற்ற நின்றதும் பின்னால் வந்த இவருடைய பஸ் வெட்டி முந்தியது, எதிரே மணல் ஏற்றிய டிப்பர், உடனே இடப்பக்கம் ஒடித்தார். அந்த இடப்பக்கத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் வெளியே, கிரவலில்தான் பிள்ளை போய்க்கொண்டிருந்தாள். இதற்கு மேல் எங்கே விலகுவது? சாப்பாட்டுப் பெட்டி திறந்து புட்டு கிரவலில் சிதறிக் கிடந்தது. அவள் அழவில்லை, ஒற்றைக் கையால் கொப்பிகளைப் பொறுக்கினாள்.

கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற வாகனம் ஒரு விநாடியில் 28 மீற்றர் போகும். பிள்ளையைக் கண்டு கால் பிரேக்கில் போய்ச் சேர்வதற்குள் அவ்வளவு தூரமும் போய்விடும். அந்தத் தூரத்தை மிதிக்க அவளுக்கு ஏழெட்டு விநாடி வேண்டும். அதற்குப் பிறகும் வாகனம் நிற்க 70இல் எவ்வளவு தூரம் எடுக்குமோ, 100இல் அதைப்போல இரண்டு மடங்கு எடுக்கும். இது தெரிந்துகொண்டு அந்த வேகத்தில் வருபவர், ஹோர்னை அழுத்திவிட்டால் தன் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் போட்டுவிடலாமா? வேகத்தை முடிவுசெய்தது அவர். பிள்ளை இல்லை.

"பஸ்காரருக்கு நேரம் இருக்கு, பிந்தினால் பின்னால வாறவன் ஆளை ஏத்திப்போடுவான்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 70 கிலோமீட்டர் தூரத்தை 70இல் போனால் ஒரு மணித்தியாலம், 100இல் போனால் 42 நிமிடம். மிச்சம் பிடிப்பது 18 நிமிடம். இதே வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனமும் நிற்கிறதே. எவ்வளவு அவசரமானாலும் பிள்ளையாரைக் கும்பிட்டு, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்காமல் யாராவது தாண்டிப் போகிறீர்களா? நானும் போவதில்லை. அங்கே ஒருவரும் நேரம் போகிறது என்று சொல்வதில்லை. அப்படியென்றால் நேரம் இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் பிரேக்கை மிதிக்கத்தான் அது இல்லாமல் போகிறது.

மாடுகளைச் சொல்வீர்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது. இரவில் தார்ச் சூட்டுக்கு நடு வீதியில் படுத்திருக்கும் மாடும், பின்விளக்கு இல்லாமல் நெல் மூட்டை ஏற்றி வரும் உழவு இயந்திரமும் எனக்கும் பயம்தான். மாட்டுக்காரரைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மாடு படுத்திருக்கும் என்று தெரிந்த வீதியில் ஏன் அந்த வேகம்?

"நீங்கள் வாகனம் ஓட்டாதவர், உங்களுக்கு விளங்காது" என்றும் ஒருவர். நான் பதினாறு வருடமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன், இந்த ஏ-9இல்தான். எதிரே வருபவர் லைட் அடித்து "முன்னுக்குப் பொலிஸ் நிக்குது" என்று காட்டுவதும், உடனே எல்லோரும் 50க்கு இறங்குவதும், வளைவு தாண்டியதும் பழையபடி முறுக்குவதும் எனக்குத் தெரியும். தண்டப்பணத்துக்கு இறங்குகிற கால், சைக்கிளில் போகும் பிள்ளைக்கு ஏன் இறங்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

இதை நான் ஏன் இவ்வளவு உறைப்பாக எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்கு என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 போரில் பரந்தனில் இருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் அந்தச் சனத்தோடு நடந்தவர். பக்கத்தில் விழுந்த செல்லில் இடது காது முற்றாகப் போய்விட்டது, மற்றக் காதும் அரைகுறைதான். முகாமில் இருந்து ஊருக்கு வந்து, காடாகிக் கிடந்த வளவை வெட்டி, திரும்ப வயல் செய்தார். 2014இல் ஒரு பின்னேரம் நெல் மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் அடித்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு இல்லை. அந்தப் பெடியனும் அழுதழுது இதைத்தான் சொன்னான். "அண்ணை, நான் ஹோர்ன் அடிச்சனான்." மாமிக்கு அப்போது ஒன்றும் சொல்ல வரவில்லை. பிறகு என்னிடம் மட்டும் கேட்டா, "அவருக்குக் காது கேளாது எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்றது?"

வன்னியில் செல் சத்தத்தில் காது போனவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்? பொய்க்கால் போட்டவர்கள்? ஒரு காலை ஊன்றி மற்றதை இழுத்து வீதியைக் கடக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? காபட் தார் போடும்வரை குண்டும் குழியுமாகக் கிடந்த இந்த வீதியால் மூட்டை முடிச்சோடு நடந்தவர்கள் அவர்கள். இப்போது அதே வீதியில் ஹோர்னுக்கு ஒதுங்கு என்கிறோம். ஒதுங்கி ஒதுங்கித்தானே அவர்கள் இதுவரை வந்தது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. அந்தச் சாரதியும் நம் ஊர்ப் பிள்ளைதான், அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. அவருக்குப் பரிந்து எழுதியவர்கள்மேல்தான் மனம் நோகிறது, அதில் இரண்டு பேர் மாமாவின் செத்த வீட்டுக்கு வந்தவர்கள்.

நேற்றுப் பின்னேரம் பிள்ளையைப் பார்க்கப் போனேன். கையில் மாக்கட்டு, இடது கையால் எழுதிப் பழகுகிறாள். சைக்கிளைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டா. இனிமேல் பஸ்ஸில்தான் அனுப்பப் போகிறாவாம்.